நடுகல் படங்களின் எக்ஸிஃப் குறிப்புகளைப் பைத்தானில் படித்த அனுபவம்

தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் நண்பர்கள் சிலர், தங்களிடம் சேர்ந்திருந்த படங்களையெல்லாம் ஒரே வன்தட்டில் போட்டுக் கொடுத்து, எந்தக் கல் எந்த இடத்தில் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று பிரித்துத் தருமாறு கேட்டார்கள். படங்கள் பல கைகள் மாறி வந்திருந்ததால், கணினி காட்டும் கோப்புத் தேதியை நம்ப வழியில்லை. கேமராவே படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்புகளை நிரல் மூலம் படிப்பது என்று முடிவு செய்தேன்.

பைத்தான் நிரல்மொழியில் இதற்கென உள்ள ஆயத்த நிரல் நூலகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு ஜேபெக் படக்கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன். இது வீண்வேலை என்பவர்கள் உண்டு. ஆனால் பின்னர் வந்த சிக்கல்களில் பாதி இதனால்தான் எனக்கு விளங்கின. கோப்பு 255, 216 என்ற இரு பைட்டுகளுடன் தொடங்குகிறது. அதன்பின் வரும் பகுதிகளுள் 255, 225 என்று தொடங்குவதில், இரண்டு பைட் நீளக் குறிப்பை அடுத்து ‘எக்ஸிஃப்’ என்ற ஆங்கில எழுத்துகளும் இரண்டு சுழிகளும் இருந்தால், நாம் தேடுவது அங்கே இருக்கிறது என்று பொருள். நீளத்தைக் குறிக்க இரண்டு பைட்டுகளே உள்ளதால் அந்தப் பகுதி 65,535 பைட்டுகளைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பது டிஃப் என்ற படக்கோப்பு வகையின் அமைப்பேதான்: 1995ஆம் ஆண்டு எக்ஸிஃப் தரத்தை வகுத்த ஜப்பானியத் தொழில்துறை அமைப்பு, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் ஏற்கெனவே இருந்த டிஃப் அமைப்பை எடுத்தாண்டது. முதல் இரண்டு பைட்டுகள் 73, 73 என்றிருந்தால் எண்களைக் குறைந்த இடமதிப்புள்ள பைட்டிலிருந்தும், 77, 77 என்றிருந்தால் கூடிய இடமதிப்புள்ள பைட்டிலிருந்தும் படிக்க வேண்டும். அடுத்து வரும் 42 என்ற எண், வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதற்குச் சான்று. அதன் பிறகு பன்னிரண்டு பைட்டுக்கு ஒன்றாகப் பதிவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பதிவும் எதைப் பற்றியது என்பதை அதிலுள்ள எண் சொல்லும்; அந்த எண்ணைக் குறி என்றும், இப்படியொரு வரிசையை அடுக்கு என்றும் சொல்வேன்.

பைத்தானின் பில்லோ நூலகத்தில் ‘கெட்எக்ஸிஃப்’ என்று அழைத்தால் கேமராவின் பெயர், படத்தின் திசை போன்றவை உடனே கிடைத்துவிடும். படமெடுத்த நேரம் மட்டும் கிடைக்காது. காரணம், அந்த அழைப்பு தருவது முதல் அடுக்கை மட்டுமே. படமெடுத்த நேரமான 36867ஆம் குறி, 34665 என்ற சுட்டி காட்டும் உள்ளடுக்கில் இருக்கிறது. இடக்குறிப்புகளோ 34853 காட்டும் வேறோர் அடுக்கில் இருக்கின்றன. முதல் அடுக்கில் 306 என்ற எண்ணில் ஒரு நேரம் இருப்பது உண்மைதான். ஆனால் அது கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம். படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் அதைத் திருத்திவிடும் என்பதால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இடத்தைக் கணக்கிடுவது எளிது. அகலாங்கு பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலை (வினாடி) என மூன்று பின்னங்களாக எழுதப்பட்டிருக்கும்: 12, 7, 40.8 என்றால், கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் 12.128 வரும். வடக்கா தெற்கா என்பது தனிக்குறியாக இருக்கிறது. சில கைப்பேசிகள் செயற்கைக்கோள் கிடைக்காதபோது பின்னத்தின் கீழெண்ணைச் சுழியாக எழுதிவைத்திருந்தன. சுழியால் வகுக்க முடியாது என்பதால் அவற்றை முன்கூட்டியே விலக்க வேண்டும்.

நேரம்தான் அதிக உழைப்பைக் கேட்டது. 36867இல் உள்ள நேரம் கேமராவின் கடிகாரம் சொல்வது. அது எந்த நாட்டு நேரம் என்று பழைய தரம் குறிக்கவில்லை. நேர வேறுபாட்டைக் குறிக்கும் தனிக்குறிகள் 2016இல்தான் தரத்தில் சேர்ந்தன. ஆனால் இட அடுக்கில் செயற்கைக்கோள் நேரமும் இருக்கிறது. அது எப்போதும் உலகப் பொது நேரம். ஆகவே, இந்தியாவில் எடுத்த படத்தில் இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேர வேறுபாடு இருந்தாக வேண்டும். கைப்பேசி சில நிமிடங்களுக்கு முந்தைய இடக்குறிப்பையே எழுதுவதுண்டு என்பதால் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு மேல் விலகிய படங்களை மட்டும் தனியே எடுத்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு முன் எடுத்த படங்களில் செயற்கைக்கோள் தேதி முந்தைய நாளாக இருக்கும் என்பதையும் நிரலில் கருத வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வசதியே இல்லாத கேமரா ஒன்றின் கடிகாரம் பல மாதங்கள் பின்தங்கியிருந்தது; அதே கல்லை அதே வேளையில் இன்னொருவர் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டு, கிடைத்த வேறுபாட்டை அந்தப் பயணத்தின் படங்கள் முழுவதற்கும் கூட்டினேன்.

சில படங்களில் நண்பர்கள் தமிழில் விளக்கம் எழுதியிருந்தார்கள். பில்லோ அதைப் புரியாத குறியீடுகளாகக் கக்கியது. விளக்கத்துக்கான 270ஆம் குறியில் அடிப்படை ஆங்கில எழுத்துகள் மட்டுமே வரும் என்பது பழைய விதி; அதில் எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழை எழுதினால், பில்லோ ஒவ்வொரு பைட்டையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 முறையின் எழுத்தாக எண்ணிக்கொள்கிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். முதலிரண்டும் 224, 174 அல்லது 224, 175 ஆகவே இருக்கும். அந்த இணை திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருப்பது தமிழ்தான் என்று துணிந்து, எழுத்துகளை லத்தீன்-1 பைட்டுகளாக மாற்றி யுடிஎஃப்-8 ஆக மீண்டும் படித்தேன், ஓரெழுத்துகூடச் சிதையவில்லை. விண்டோஸின் பண்புகள் சாளரத்தில் தட்டச்சிட்ட விளக்கங்கள் 40092ஆம் குறியில் யுடிஎஃப்-16 என்ற இன்னொரு குறியீட்டு வடிவில் இருந்தன. 2023இல் வந்த எக்ஸிஃப் 3.0 யுடிஎஃப்-8ஐ முறையாக ஏற்றுக்கொண்டது. நம் போன்ற மொழியினருக்கு இது மிகத் தாமதமாகக் கிடைத்த நீதி என்பேன்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்டவற்றில் எக்ஸிஃப் குறிப்புகளே இல்லை. கோப்புப் பெயரில் உள்ள தேதியைப் படமெடுத்த நாளாகக் கொள்ள இயலாது. எடுத்தவர்களிடம் மூலக்கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னேன். அப்படி வந்தவற்றில் எல்லாம் அப்படியே இருந்தன. மூலம் கிடைக்காதவை ‘நாள் அறியப்படாதவை’ என்ற தனிக்கோப்புறைக்குப் போயின.

பொதுவெளியில் இடப்போகும் நகல்களிலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்தினேன். காவலில்லாமல் வயல் வரப்பில் நிற்கும் கல்லுக்குத் துல்லியமான முகவரி கொடுப்பது களவுக்கு வழிகாட்டுவதாகிவிடும். பில்லோவில் திறந்து மீண்டும் சேமித்தால் படம் மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் குறையும் என்பதால், இந்த வேலைக்கு மட்டும் ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல் கருவியைப் பயன்படுத்தினேன். அது படத்தின் புள்ளிகளைத் தொடாமல் குறிப்புகளை மட்டும் அழிக்கிறது. முழுக் குறிப்புகளோடு கூடிய மூலப்படங்களும் இட அட்டவணையும் நண்பர்களின் வன்தட்டிலேயே இருக்கின்றன.