ஞாயிற்றுக்கிழமைக் கிரேவி

டிசம்பர் 21, 2024, சனி

பக்கத்து வீட்டு நோன்னாவுடன் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஆர்தர் அவென்யூவுக்குச் சென்று வந்தேன். நோன்னா என்றால் இத்தாலிய மொழியில் பாட்டி; அவருடைய பேரப்பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே அழைக்கிறோம். தெருவோரத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்று, லா கார்டியா நியூயார்க் மேயராக இருந்தபோது 1940இல் அங்கே திறக்கப்பட்ட சந்தை இன்றும் நடக்கிறது. உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை இத்தாலியர்கள் பக்கலா என்கிறார்கள். பலகைபோல் விறைத்திருந்த மீன்களை நோன்னா ஒவ்வொன்றாகப் புரட்டி, நடுப்பகுதி தடித்ததாக ஒன்றை எடுத்தார். வீடு திரும்பியதும் அதைத் தண்ணீரில் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை வரை ஊற வேண்டும், தினமும் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே நோன்னா வீட்டில் அடுப்பு எரிந்தது. பன்றி விலாவையும் சாசேஜையும், பூண்டும் பார்ஸ்லியும் சீஸும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டிய மாட்டிறைச்சியையும் ஆலிவ் எண்ணெயில் சிவக்க வறுத்து, அடியில் பிடித்ததைத் தக்காளிச் சாற்றிலேயே சுரண்டிக் கரைத்தார். பிறகு தீயைக் குறைத்து, ஒரு குமிழி வெடித்து அடங்கிய பிறகே அடுத்தது எழும் அளவுக்கு வைத்தார். இதைச் சில வீடுகளில் சாஸ் என்பார்கள். நோன்னாவுக்கு இது கிரேவிதான். இரண்டு மணிக்குப் பாஸ்தா முதலில் வந்தது, இறைச்சி தனித் தட்டில் பின்னால் வந்தது.

ஸ்பெகட்டியின் மேல் இறைச்சி உருண்டைகளைக் குவித்துப் பரிமாறுவது இத்தாலிய வழக்கமே அல்ல என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1880க்கும் 1924க்கும் இடையில் அமெரிக்காவுக்கு வந்த ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர்களில் பெரும்பாலோர், பண்டிகை நாளில் மட்டுமே இறைச்சியைக் கண்ட தென்பகுதி ஏழைகள். கூலி வேலை செய்து வாரந்தோறும் இறைச்சி வாங்க முடிந்தபோது, அவர்கள் ஞாயிற்றுக்கிழமையையே பண்டிகையாக்கிக் கொண்டார்கள்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சி விலக்கு. ஆகவே ஏழு வகை மீன். பொரித்த பக்கலா, கணவாய், இறால், நெத்திலி, மட்டி போட்ட லிங்குவினி பாஸ்தா என்று வந்துகொண்டே இருந்தன. ஏன் ஏழு என்பதற்கு மேசையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஞானஸ்நானம், திருமணம் போன்ற தேவாலயத்தின் ஏழு அருளடையாளங்கள் என்றார் மருமகள். மூன்று நாள் ஊறிய பக்கலாவில் உப்பு அளவாக நின்று, சதை இதழ் இதழாகப் பிரிந்தது.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று எங்கள் அடுப்பில் நானே கிரேவி வைத்தேன். கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு எல்லோரும் இரண்டு மணிக்கு உட்காருவது என்பது ஏற்பாடு. ஒன்றரை மணிக்கு வந்த நோன்னா, ரொட்டித் துண்டு ஒன்றைக் கிரேவியில் தோய்த்துச் சுவைத்தார். உப்பு சரி என்றார். இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும் என்றார். மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம்.