கழுத்து நேராக இருந்த கிட்டார்

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், அவசியம் என்று சொல்ல முடியாமல் நான் வாங்கிய முதல் பொருள், 80 டாலர் விலையுள்ள ஒரு பழைய யமஹா பசிஃபிக்கா 112 மின்கிட்டார். பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவன் நான். என் கிட்டாரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறியதிலிருந்து, விரல்கள் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. டொராண்டோ பொது நூலகத்தின் பார்க்டேல் கிளையில் 2016 முதல் நூலக அட்டைக்கே இசைக்கருவிகளை இரவல் தருகிறார்கள். சில வாரங்கள் அப்படி எடுத்துத்தான் வாசித்தேன். ஆனால் இரவல் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துகொண்டே இருக்கும். கிஜிஜி என்ற இணைய விளம்பரத் தளத்தில் விளம்பரத்தைப் பார்த்த அன்று மாலையே இரண்டு பேருந்து மாறிப் போய், பனியில் நனையாமல் போர்வை சுற்றி அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தேன்.

தந்திகளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்களில் நடுவில் இருந்ததில் ஒலியே இல்லை. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரத்தது, ஒயர் செருகும் ஜாக் ஆடியது, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகள் துருவேறி அசைய மறுத்தன, தந்திகளை முறுக்கும் டியூனர்களில் இரண்டு வளைந்திருந்தன. மேல்மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைத் திருத்துற காசுக்கு நல்லது ஒண்டு வாங்கலாம். கழட்டிப் பாட்ஸா வித்துப்போடும், போட்ட காசெண்டாலும் மிஞ்சும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தகைய தொடக்கநிலைக் கிட்டார்களை முழுதாக விற்றால் கிடைப்பதைவிட, கழுத்து, உடல், பிக்கப், பிரிட்ஜ் என்று பிரித்து விற்றால் பெரும்பாலும் கூடுதலாகவே கிடைக்கும்.

“அண்ணை, கழுத்தைப் பாத்திட்டு முடிவு செய்றேன்” என்றேன். மின்கிட்டாரில் மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். கழுத்து கெட்டால் அந்தக் கருவி வேறொன்றாகிவிடும் என்பது என் எண்ணம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் தடித்த தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தேன். கால் மில்லிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் இருந்தது. தந்திகளின் இழுவைக்குக் கழுத்து வளைந்திருக்கிறது, ஆனால் முறுக்கிக்கொள்ளவில்லை. கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை ஆலன் கீயால் வலப்புறமாகக் கால் திருப்பு திருப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி கால் திருப்பு என்று பொறுமையாகச் செய்தேன். நான்காம் நாள் அந்த இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டு மட்டுமே நுழைந்தது. பிரிக்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டேன்.

ஜனவரியில் புதிதாக ஒன்று தொடங்கியது. கழுத்தின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டினால் ஃபிரெட்டுகளின் நுனிகள் முள்ளாகக் குத்தின. தாமிரபரணிக் கரையில் வாசித்த காலத்தில் நான் அறியாத நோய் இது. ஹீட்டர் இரவும் பகலும் ஓடும் அறையில் காற்று வறண்டுபோகிறது; மரம் ஈரத்தை இழந்து குறுக்கே சுருங்குகிறது; உலோகம் சுருங்குவதில்லை, அதனால் வெளியே நீட்டிக்கொள்கிறது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி அளந்தபோது என் அறையின் ஈரப்பதம் 22 சதவீதம் காட்டியது. கிட்டாருக்கு 45 முதல் 50 வரை வேண்டும். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி வைத்தேன். கிட்டாருக்காக வாங்கியதுதான், ஆனால் டிசம்பரிலிருந்து காலைதோறும் எனக்கு மூக்கில் இரத்தம் கசிந்துகொண்டிருந்ததும் அதற்குப் பிறகே நின்றது. மிச்சமிருந்த நுனிகளை, மரத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டு, சிறிய அரத்தால் ஒவ்வொன்றாக ராவினேன்.

பேசாத பிக்கப்பை, பழுதான பொருள்களைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் சரிசெய்து தரும் ரிப்பேர் கஃபே ஒன்றுக்கு எடுத்துப்போனேன். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய வழக்கம் அது. இங்கே நூலக அறைகளிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கிறது. வெள்ளை முடி கொண்ட ஓர் அம்மையார் மின்தடையை அளக்க மல்டிமீட்டர் வைத்தார். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் 6 கிலோ ஓம் அளவுக்குக் காட்டியது; நடுப் பிக்கப் எதுவுமே காட்டவில்லை. பூதக்கண்ணாடிக்குக் கீழே பார்த்தால், தலைமுடியளவே தடிமனான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகக் கிடக்க, அதன் வெளிமுனை மட்டும் முனையத்தருகே அறுந்து துருத்திக்கொண்டிருந்தது. இடுக்கியால் ஒரே ஒரு சுற்றைப் பிரித்து, மேற்பூச்சைச் சுரண்டி, என் கையில் சால்டரிங் அயனைக் கொடுத்து அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொட்டு ஈயம். மீட்டரில் 5.9 என்று எழுந்த எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்தோம். உள்முனை அறுந்திருந்தால் முழுவதையும் மறுபடி சுற்ற வேண்டியிருக்கும் என்றார்.

பாகங்களுக்காகக் கிட்டாரைப் பிரிப்பதை நான் பழிக்கவில்லை. இன்னொன்றைப் பிரிக்காமல் என் கிட்டார் பிழைத்திருக்காது. மார்ச் மாதம் அதே 112 மாதிரியில் இன்னொன்று 40 டாலருக்குக் கிடைத்தது. அதன் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நோக்கினால், மெல்லிய தந்தியின் பக்கம் ஒரு வளைவும் தடித்த தந்தியின் பக்கம் வேறொரு வளைவும் தெரிந்தன. இந்த முறுக்கத்தை டிரஸ் ராடு தீர்க்காது. அதைத் தயங்காமல் பிரித்தேன். அதே மாதிரியைத் தேடிக் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்ஜ்களில் திருகு இடைவெளி 52.5 மில்லிமீட்டர் கொண்டவையும் இருக்கின்றன, 56 கொண்டவையும் இருக்கின்றன. குமிழ்களில் 18 பல் தண்டுக்கானது 24 பல் தண்டில் சரியாக உட்காராது. பொருந்தாத பாகத்துக்காக நல்ல மரத்தில் புதுத் துளை போடுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை. பிரிட்ஜ், ஆறு டியூனர்கள், ஜாக், வால்யூம் குமிழின் அடியில் ஒலியளவை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர் ஆகியவை துளை மாறாமல் இடம் மாறின.

ஈஸ்டருக்கு அதை ஆலயத்தில் வாசித்தேன். வீட்டுக்காரர் ஒரு மாலை கீழே இறங்கி வந்து உட்கார்ந்து கேட்டார். பிறகு மீதமிருந்த பிக்கப்களைத் தன் பழைய பெட்டியில் பெயரெழுதி வைத்துக்கொண்டார். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மெல்லிய தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. எல்லா ஃபிரெட்டுகளையும் மாற்ற ஒரு கடையில் கேட்ட தொகை, நான் கிட்டார் வாங்கிய விலையைப்போல ஐந்து மடங்கு. ஒருமுறை ராவிச் சமப்படுத்தும் அளவுக்கு உயரம் இன்னும் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் அதை நானே செய்வதாக இருக்கிறேன்.