90 நாள் அவகாசம்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் கைப்பேசி வழியே பணம் கட்டிக்கொண்டிருந்த அக்கா மகன், திரையை என் பக்கம் திருப்பினான். கடையின் இணைய முகவரியில் ஓர் எண்ணை மாற்றியதும், முன்பின் தெரியாத ஒருவரின் பெயரும் வீட்டு முகவரியும் வந்து நின்றன.

“சொன்னால் என் மேல் வழக்கு வருமா மாமா?”

நியாயமான அச்சம்தான். இங்கே 1993ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டம் அனுமதியற்ற நுழைவையே குற்றமாக்குகிறது. அரசாங்கத் தளங்களில் குறை கண்டால் தெரிவிக்க 2019 முதல் வழியுண்டு. சிறு கடைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, உரியவரிடம் முதலில் சொல்லி, சரிசெய்ய 90 நாள் வரை அவகாசம் தந்து, அதன் பிறகே குறையின் விவரங்களைப் பகிரங்கப்படுத்துகிறது. கெடுவே இல்லையென்றால் பெரிய நிறுவனங்கள் அசையமாட்டா என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கடையின் குறையை அவசரப்பட்டு வெளியிட்டால், அடிபடுவோர் அதில் முகவரி கொடுத்த வாடிக்கையாளர்களே.

இனி எந்த எண்ணையும் மாற்றிப் பார்க்காமல், கண்டதை மட்டும் எழுதி உரிமையாளருக்கு இன்றிரவே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.