இரண்டு மைலுக்கு இரண்டரை மணி நேரம்

போன ஞாயிறு நண்பன் ஒரு பழைய போர்க்கள வரைபடத்தை மேசையில் விரித்தான். ஊர்ப்பெயர்களை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்திருந்தான். "நீதான் குதிரைப்படைத் தளபதி. உன்கிட்ட 2,700 பேர், ஆறு பீரங்கி. மேற்கே இருந்து 7,000 பேருக்கு மேல காலாட்படை வருது. உன் பக்கத்துக் காலாட்படை வர காலை பத்து மணி ஆகும். என்னடா பண்ணுவ?"

ஊருக்குத் தெற்கே அருமையான குன்று ஒன்று தெரிந்தது. எல்லோரையும் அதில் ஏற்றிவிட்டேன்.

"சரி, அவன் எட்டரைக்கே ஊருக்குள்ள இருப்பான். அங்க வந்து சேருற அத்தனை ரோடும் அவன் கையில. உன் காலாட்படை எங்க வந்து நிக்கும்?" என்று சொல்லிக் காகிதத்தை உரித்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய கெட்டிஸ்பர்க், 1863 ஜூலை 1. நான் ஏறிய குன்று செமட்ரி ஹில்.

அங்கே வடக்கின் குதிரைப்படைத் தளபதி ஜான் பியூஃபர்ட் செய்தது நேர்மாறு. அந்தக் குன்றை வருகிறவர்களுக்காகக் காலியாக விட்டுவிட்டு, மேற்கே மூன்று மைல் தள்ளி மார்ஷ் கிரீக் ஓடைப் பக்கம் காவலுக்கு ஆள் போட்டார். காலை ஏழரைக்கு முதல் குண்டு. சாலையில் நீள வரிசையாக நடந்து வருகிற படை ஒரு மணி நேரத்தில் மூன்று மைல் போய்விடும், ஆனால் சுடத் தொடங்கியதும் நின்று, வயலில் இறங்கி, வேலி தாண்டி, பக்கவாட்டில் விரிந்து அணிவகுத்தால்தான் மோத முடியும், அதற்குள் பியூஃபர்ட்டின் ஆட்கள் பின்னால் இருக்கும் அடுத்த மேட்டுக்குப் போயிருப்பார்கள். முதலில் ஹெர் மேடு, பிறகு மெக்பெர்சன் மேடு. ஓடையிலிருந்து அதுவரை இரண்டு மைல்தான். வடக்கின் தளபதி ரெனால்ட்ஸின் காலாட்படை பத்து மணிவாக்கில் வரும்வரை அங்கே தாக்குப்பிடித்தார்கள்.

நான் கணக்கில் விட்டது இன்னொன்று. குதிரையிலிருந்து இறங்கிச் சண்டை போடும்போது நாலில் ஒருவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். போதாததற்கு ஒரு பிரிகேடு, அதாவது படையில் ஒரு பெரிய பிரிவு, வடக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் 2,700 எங்கே இருக்கிறது? ஆறு பீரங்கிகளையும் தள்ளித் தள்ளி நிறுத்தி நிறைய இருப்பதுபோலக் காட்டியிருக்கிறார், கெட்டிக்காரர்! அவர்களிடம் ஏழு குண்டு தொடர்ந்து சுடும் துப்பாக்கி இருந்ததாகச் சிலர் எழுதுவார்கள், அது கதை. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், ஆனால் தோட்டாவைக் குழலின் பின்பக்கம் போடுவது என்பதால் படுத்தபடியே போடலாம். அதிர்ஷ்டமும் இல்லாமல் இல்லை. எதிரே வந்த தெற்கின் தளபதி ஹெத், இதைப் பெரிய படையாக நினைக்கவே இல்லை.

சரி என்று இரண்டாவது தடவை பென்சில் எடுத்தேன். மேடுகளைச் சரியாகத்தான் பிடித்தேன். "முதல் மேட்டை எப்ப விடுவ?" என்றான். எதிரி அணிவகுத்து முடித்து, கிட்டே வந்து, இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு என்றேன். "குதிரை நிக்கிற இடத்துக்கு ஓடவே அஞ்சு நிமிஷம் ஆகும்டா" என்று ரப்பரை எடுத்து அந்த மேட்டில் இருந்தவர்களில் பாதிப் பேரை அழித்தான்.