நீலத் திரையும் 1,143 ‘பிழை’களும்: மட்டக்களப்பு மேசைக் குறிப்புகள்

2026 பெப்ரவரி 5, வியாழன்

கல்லடியில் தட்டச்சும் போட்டோகொப்பியும் செய்யும் கடையொன்றின் டெஸ்க்டொப் திருத்த வந்திருக்கிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நாளுக்கு ஒன்றிரண்டு தடவை நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அதை நிறுத்துவதற்கென்று இணையத்தில் கிடைத்த ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்றை (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்) ஓட்டியிருக்கிறார்கள். அது 1,143 பிழைகளைக் காட்டி, எல்லாவற்றையும் ‘சரிசெய்து’ முடித்தது. நீலத் திரை நிற்கவில்லை. இப்போது பாமினி ஃபொன்ட்டில் அடித்த கடிதங்களும் வாசிக்க முடியாமல் போய்விட்டன.

முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப். நீலத் திரை வரும்போது எந்த நினைவுப் பகுதியில், எந்த டிரைவரில் தடுக்கியது என்பது அங்கேதான் பதிவாகும். திறந்தால் காலி. கிளீனர் அதையும் குப்பைக் கணக்கில் சேர்த்து அழித்துவிட்டது. சில நூறு கிலோபைட் இடத்துக்காகக் கோளாறின் முழுத் தடயமும் போயிற்று. இந்த மென்பொருள்களில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவர் மிஞ்சியிருக்கிறது. விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம், அதில் கேர்னல்-பவர் 41. இந்தப் பதிவைக் கண்டவுடன் ‘பவர் சப்ளை பழுது’ என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். முன்னறிவிப்பின்றி நின்றது என்பதற்கு மேல் 41 எதுவும் சொல்வதில்லை. டீடெயில்ஸ் தாவலில் பக்செக்கோட் என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 0 இருந்தால், பிழையைப் பதிய விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை: மின்சாரம், அதிக வெப்பம், அல்லது உறைந்து நின்றபோது யாரோ பட்டனை அழுத்தியது. வேறு இலக்கம் இருந்தால் அது நீலத் திரையின் குறியீடு. ஆனால் தசம எண்ணாக இருக்கும். கல்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்) ஆக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் 19 பதிவுகள். ஆறில் 0, பதின்மூன்றில் 122. 122 என்றால் ஹெக்ஸில் 7ஏ. ஒரே கணினியில் இரண்டு வியாதி.

பெப்ரவரி 6, வெள்ளி

7ஏ வருவது எப்போது: விண்டோஸின் மையமான கேர்னலுக்குத் தேவையான ஒரு பக்கத்தை (நினைவகத் துண்டை), ராமில் கொள்ளாததை வைக்கும் ஹார்ட் டிஸ்க் கோப்பான பேஜ்ஃபைலில் இருந்து எடுக்கப் போய், எடுக்க முடியாதபோது. ஏன் முடியவில்லை என்பதை, குறியீட்டோடு சேர்ந்து பதிவாகும் பராமீட்டர்களில் இரண்டாவது சொல்லும். சி000009சி என்றால் டிஸ்க்கில் பழுதான செக்டர் (தரவு எழுதும் சிறு துண்டு). சி000009டி என்றால் டிஸ்க்கே தொடர்பில் இல்லை, அதாவது வயர் அல்லது கொனெக்டர். 41ஆம் பதிவிலேயே பராமீட்டர்களும் இருப்பதால், மினிடம்ப் போனாலும் இதைப் பிடிக்கலாம். பதின்மூன்றிலும் சி000009டிதான்.

உறுதிப்படுத்த, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இலக்கங்களை அது ஹெக்ஸில் காட்டும், அமைப்பில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளவும். 05 (மாற்றீடு செய்த செக்டர்) பூச்சியம், சி5 (பழுதென்று சந்தேகத்தில் உள்ள செக்டர்) பூச்சியம், சி6 (திருத்த முடியாத செக்டர்) பூச்சியம். டிஸ்க்கின் தட்டு நல்லாயிருக்கிறது. சி7 மட்டும் 412. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு சிதைந்து போன தடவைகளின் எண்ணிக்கை அது.

கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரின் முனையில் பச்சை பூத்திருக்கிறது. கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று படும் இடத்தில், மாரி முடிந்த கையோடு இப்படி வருவது புதிதல்ல. டிஸ்க்கை முழுமையாகக் கொப்பி எடுத்த பிறகே மற்ற வேலை. பூட்டுக் கிளிப் உள்ள புதிய வயர் போட்டு, மதர்போர்ட் பக்கத்து முனையை ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்தாயிற்று. சி7 ஒருபோதும் குறையாது. 412 என்று எழுதிவைத்து, அது ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

(சி5இல் எண் இருந்தால், டிஸ்க் முழுவதையும் வாசித்துச் சோதிக்கும் செக்டிஸ்க் /ஆர் கட்டளையை ஓட்டவே கூடாது. சாகப்போகிற டிஸ்க்கை மணிக்கணக்கில் உழ வைத்தால், தரவை எடுக்கும் முன்பே அது போய்விடும்.)

0 காட்டிய மற்ற ஆறும் பவர் சப்ளை. வேலைச் சுமையில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் 11.2 வோல்ட். 12 வோல்டுக்கு 5 வீத விலகல் அனுமதி, 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. உள்ளே இரண்டு கப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது. மாற்றியாயிற்று.

வயரும் பவர் சப்ளையும். ரெஜிஸ்ட்ரியில் எதை அழித்தாலும் இந்த இரண்டும் திருந்தியிருக்காது.

பெப்ரவரி 7, சனி

“அப்ப அந்த ஆயிரத்துச் சொச்சம் பிழையும் பொய்யா தம்பி?” என்று கடைக்காரர் கேட்டார். பொய்யென்று சொல்ல முடியாது. பிழை என்று பெயர் வைத்ததுதான் தவறு. ரெஜிஸ்ட்ரிப் பதிவு ஒன்று காட்டும் கோப்பு அந்த நேரம் கண்ணில் படாவிட்டால், கிளீனர் அதை அநாதை என்று எண்ணிக்கொள்ளும். அநாதைப் பதிவுக்கு 200 பைட் என்று தாராளமாகப் போட்டாலும் 1,143க்கும் 230 கிலோபைட் வராது. ரெஜிஸ்ட்ரி சேமிக்கப்படும் கோப்புகளுக்கு ஹைவ் என்று பெயர்; இந்தக் கணினியில் சொஃப்ட்வெயார் ஹைவ் மட்டும் 86 மெகாபைட். விண்டோஸ் தனக்கு வேண்டிய கீயை (ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் போன்றது) மரம்போலக் கிளை பிரிந்து தேடுவதால், பக்கத்தில் கிடக்கும் அநாதை அதைத் தாமதிக்காது. அழித்தாலும் ஹைவ் கோப்பு உடனே சுருங்காது, உள்ளே வெற்றிடம் விழும், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொஃப்ட்டே அறிவித்திருக்கிறது.

பாமினி போன காரணம் இதே. கடையின் ஃபொன்ட்கள் வெளி டிஸ்க் ஒன்றில் இருந்து ‘ஷோர்ட்கட்’ முறையில், அதாவது கணினிக்குள் கொப்பி செய்யாமல் பதிவு மட்டும் வைத்து, நிறுவப்பட்டவை. கிளீனர் ஓடிய நேரம் அந்த டிஸ்க் குத்தப்படவில்லை. பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஃபொன்ட். பதிவு போனால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடங்களில் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கடிதம் கெடவில்லை. ஃபொன்ட்களை கணினிக்குள்ளேயே கொப்பி செய்து, எல்லாவற்றையும் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் ‘இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்’. ஐந்து நிமிடம்.

பெப்ரவரி 9, திங்கள்

கல்முனையிலிருந்து ஒரு லப்டொப். கிளீனர் ஓட்டி ரீஸ்டார்ட் செய்ததும் 7பி நீலத் திரை, அதாவது விண்டோஸால் தான் இருக்கும் டிஸ்க்கையே அணுக முடியவில்லை. விண்டோஸ் திறக்கவே இல்லை. டிஸ்க்கைப் பேச வைக்கும் டிரைவரின் சேவைப் பதிவு அழிந்திருக்கிறது. முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பொயின்ட் இல்லை, அந்த வசதி அணைத்தே கிடந்தது. ஹைவ் கோப்புகள் உள்ள கொன்ஃபிக் ஃபோல்டருக்குள், அவற்றின் நகலுக்கான ரெக்பேக் இருக்கிறது, ஆனால் கோப்புகள் எல்லாம் 0 பைட். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து இந்த நகல் தானாக எடுக்கப்படுவதில்லை.

கிளீனர் எடுத்த பேக்கப் டொக்கியுமென்ட்ஸில் இருக்கிறது. விண்டோஸ் திறக்காதபோது அதை டபுள் கிளிக் செய்ய வழியில்லை. செய்தது: 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைப் போட்டு அதிலிருந்து பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி கட்டளைத் திரையைத் திறந்தது. அங்கே சி டிரைவ் வேறு எழுத்தில் நிற்கலாம், முதலில் அதைப் பார்க்கவும். கொன்ஃபிக் ஃபோல்டரை அப்படியே கொப்பி எடுக்கவும். பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டில் லோக்கல் மெஷினைத் தெரிவுசெய்து, லோட் ஹைவ் மூலம் சிஸ்டம் கோப்பை ஏற்றி, அதற்கொரு தற்காலிகப் பெயர் வைக்கவும்.

பலர் வழுக்கும் இடம் இனித்தான். பேக்கப் கோப்பில் பாதைகள் ‘கரண்ட்கொன்ட்ரோல்செட்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் விண்டோஸ் ஓடும்போது மட்டுமே உண்டு. ஏற்றிய ஹைவில் செலெக்ட் கீயின் ‘கரண்ட்’ மதிப்பு 1 என்றால், அதற்குப் பதிலாக இருப்பது கொன்ட்ரோல்செட்001. அப்படியே இம்போர்ட் செய்தால் பென் டிரைவின் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் விழுந்துவிடும், லப்டொப்புக்கு ஒன்றும் நடக்காது. நோட்பேடில் பாதையைத் தற்காலிகப் பெயரோடு சேர்த்து மாற்றி, தேவையான அந்த ஒரு சேவைப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இம்போர்ட் செய்து, அன்லோட் ஹைவ். திறந்தது.

இந்த பேக்கப் கோப்பு மதிப்புகளை மீட்கும், கீக்கு இருந்த அனுமதிகளை மீட்காது. அதனால் இப்படி மீட்ட கணினியில் ஒன்றிரண்டு புரோகிராம் பிறகும் முரண்டு பிடிக்கலாம்.

பெப்ரவரி 11, புதன்

கல்லடிக் கணினி ஐந்து நாளாக ஓடுகிறது. சி7 412இல் நிற்கிறது, 41 ஒன்றுகூட இல்லை. சிஸ்டம் ரிஸ்டோரை ஓன் செய்து டிஸ்க்கில் 5 வீதம் ஒதுக்கியிருக்கிறது. சிஸ்டம் ஹைவில் செஷன் மேனேஜர், அதற்குள் கொன்ஃபிகரேஷன் மேனேஜர், அங்கே எனேபிள்பீரியொடிக்பேக்கப் என்ற டிவேர்ட் (எண் வகை) மதிப்பை 1 ஆக வைத்து ரீஸ்டார்ட். ரெக்பேக்கில் இனி நகல் சேரும். கிளீனர் அகற்றப்பட்டது. பெட்டியின் பக்கத் தகட்டுக்கு உள்ளே ‘சி7 = 412, 06.02.2026’ என்று எழுதி ஒட்டி, பின்னேரம் கடைக்குத் திருப்பி அனுப்பியாயிற்று.