முதலாளி எழுதிவைத்த தாள்

1990இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஜமைக்கா அவென்யூவை ஒட்டிய இசைத்தட்டுக் கடை ஒன்றில் மாலை வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை இசை விற்பனைத் தரவரிசை தயாரிப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து, எது நன்றாக விற்றது என்று கேட்பார்கள். முதலாளி எழுதிவைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்து நான் படிப்பேன். அதிலிருந்த வரிசைக்கும் நான் கல்லாவில் போட்ட பில்லுக்கும் பல வாரங்கள் சம்பந்தமே இருக்காது. ஏதாவது ஒரு கம்பெனியின் ஆள் ஒரு பெட்டி கேசட்டை இலவசமாக இறக்கிவிட்டுப் போனால், மறுவாரம் அந்தக் கம்பெனியின் பாடகர் தாளில் மேலே ஏறியிருப்பார்.

ராப் கேசட்டுகள் எப்போதும் அடியில்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பையன்கள் சில்லறையை எண்ணி வைத்து வாங்கிப்போவதை முதலாளி வியாபாரமாகவே மதித்ததில்லை.

1991 மே மாதம் பில்போர்டு இசை இதழின் ஆல்பம் பட்டியலுக்கு, கல்லாவில் ஸ்கேன் ஆகும் பார்கோடை வைத்து விற்பனையை எண்ணும் கணக்கு வந்தது. அடுத்த மாதமே, வானொலிகள் பெரும்பாலும் தொடாத என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. எங்கள் முதலாளி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, பின்சுவரோரம் இருந்த ராப் அலமாரியை வாசல் பக்கம் நகர்த்தச் சொன்னார். தரவரிசையால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லாததற்கு அந்த அலமாரிதான் காரணம். ஆனால் வாங்கியவர்கள் அதே பையன்கள்தான். திருந்தியது கணக்கு.

1994இல் ராப் பாடகர் நாஸின் 'இல்மேட்டிக்' ஆல்பம் வெளிவந்தது. அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பும் எங்கள் குவீன்ஸில்தான். பட்டியலில் அது தொட்ட உயரம் 12. ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று கிடைக்க 1996 ஆனது. எங்கள் தெருவிலோ அதை வரி பிசகாமல் ஒப்பிக்காத பையனைத் தேட வேண்டும். வெளியாகும் முன்பே கள்ளப்பிரதிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. ஒருவன் நாடா சிக்கிய கேசட்டைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்டான். நடைபாதையில் வாங்கியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மாற்றித் தர வழியில்லை. பென்சிலைச் செருகிச் சுற்றிக் கொடுத்தேன். அவன் எந்தக் கணக்கில் வருவான்?

2025 அக்டோபரில் என் மகள் ஒரு செய்தியை அனுப்பியிருந்தாள். பில்போர்டின் ஹாட் 100 பாடல் பட்டியலில் முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டும் இல்லை, 1990க்குப் பிறகு இதுவே முதல்முறை. 'உங்கள் பாட்டு செத்துவிட்டதாம், அப்பா' என்று கீழே எழுதியிருந்தாள். விவரத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பழைய பாடல்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் விதியை அந்த வாரம்தான் கடுமையாக்கியிருந்தார்கள். 13 வாரம் முதலிடத்தில் இருந்த 'லூதர்' பாட்டு, ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும் பாடியது, அதனால்தான் வெளியேறியது. 1991இல் ஒரு விதி மேலே தூக்கிவிட்டது, இப்போது இன்னொரு விதி இறக்கிவிட்டது. எனக்குக் கவலை வேறு: இன்று பாட்டு எழுதத் தொடங்கும் பையனுக்கு வாசலோரம் அலமாரி வைக்கக் கடையே இல்லை.

அன்றிரவு மகளிடம் அந்தத் தாளின் கதையைச் சொன்னேன். 'நீங்கள் ஒருநாளும் மாற்றிப் படித்ததில்லையா?' என்று கேட்டாள்.

இரண்டு முறை படித்திருக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடித்த ராப் கேசட்டுகள். உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில் அவை அவ்வளவாக விற்கவும் இல்லை.