பனி ரம்பத்தில் மிச்சம் பிடித்த கதை

நேற்று மாலைதான் மலையிலிருந்து இறங்கினேன். முதுகுப்பையை இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும் அதற்குள் கிடக்கும் மடக்கு ரம்பத்தின் மீதான எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த வழியில், எத்தனை மணிக்கு ஏறினோம் என்பதையெல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது மனமில்லை.

கண்காணிப்பு ஏதுமற்ற, பனி மூடிய சரிவுகளில் ஏறுகிறவர்கள், பனி சரிந்து புதைந்தவரின் இருப்பிடத்தைக் காட்டும் டிரான்சீவர், குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டியெடுக்கும் மண்வாரி ஆகிய மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது. அவற்றைத் தரமாக வாங்கியதிலேயே கையிருப்பு பெரும்பாலும் கரைந்துவிட்டதால், பனி சரியுமா என்று சோதிக்கப் பனியை அறுக்கும் ரம்பத்திலாவது மிச்சம் பிடிக்கலாமே என்று, செடிகொடிகளின் கிளையை நறுக்கும் 20 செ.மீ. மடக்கு ரம்பத்தையே எடுத்துச் சென்றேன். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை, மலையடிவாரத்தில் இறக்கிவிட்ட வண்டிக்காரர் பனிச்சறுக்குப் பலகைகளுக்குத் தனிக் கட்டணம் என்று கறந்துகொண்டார் என்பது வேறு கதை.

நாங்கள் ஏறவிருந்த சரிவின் திசையும் சாய்வும் கொண்ட, ஆனால் சரிந்தாலும் ஆளைப் புதைக்காத ஒரு சிறிய மேட்டில் குழி தோண்டினோம். செய்ய நினைத்தது நீள்தூண் சோதனை. சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு பனித்தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக்கி, அதன் ஒரு முனையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்ட வேண்டும். அடியில் உள்ள வலுவற்ற அடுக்கில் விரிசல் தோன்றியதும், அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது தூணின் மறுமுனை வரை ஓடிவிட்டால், அந்தச் சரிவில் கால் வைக்காமல் இருப்பதே நல்லது.

இவ்வளவையும் அறிந்திருந்த எனக்கு, 30 செ.மீ. அறுப்பதற்கு 20 செ.மீ. அலகு எட்டாது என்ற எளிய கணக்கு மட்டும் உறைக்கவில்லை. அறுத்த இடைவெளிக்குள் கையுறையோடு முட்டியைத் திணித்தால்தான் முனை பின்சுவரைத் தொட்டது. மரத்துக்காக நெருக்கி அமைத்த சிறு பற்களின் இடுக்கில் பனி அடைத்துக்கொண்டு, நாலு இழுப்புக்கு ஒருமுறை தட்டி உதற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, கீலில் புகுந்த பனி என் கைச்சூட்டில் உருகி மறுபடியும் உறைந்ததால் பூட்டு சரியாக விழாமல், அலகு மடங்கி விரல் மீதே வந்து விழுந்தது. கையுறை தடிமனாக இருந்ததால் தப்பித்தேன். நான் திடுக்கிட்டு இடித்ததில் தூண், ஒரு தட்டுக் கூடத் தட்டாமலே, பொலபொலவென்று சரிந்தது. குழியில் செலவிட்ட உழைப்பெல்லாம் வீண்.

உடன் வந்தவர் ஒன்றும் சொல்லாமல் தம் ரம்பத்தை நீட்டினார். மடங்காத 35 செ.மீ. எஃகு அலகு, இடைவெளி விட்ட பெரிய பற்கள், பக்கவாட்டில் சென்டிமீட்டர்க் கோடுகள், கைப்பிடியை ஊன்றுகோலோடு இணைத்து நீட்டிக்கொள்ளும் வசதி. அதைக் கையில் வாங்கியதும் எனக்கு உண்டான உற்சாகம் கொஞ்சம் குழந்தைத்தனமானதுதான். பக்கங்கள் சில இழுப்புகளிலேயே வழுவழுவென்று அறுபட்டன. பின்பக்கத்தின் 90 செ.மீ. நீளத்துக்கு எந்தச் சிறு ரம்பமும் சரிப்படாது; இரு மூலைகளிலும் துழாவுகோல்களை ஊன்றி, முடிச்சுகள் போட்ட மெல்லிய கயிற்றை அவற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுத்து அறுத்தோம். பதின்மூன்றாவது தட்டில், அதாவது முழங்கையிலிருந்து தட்டிய மூன்றாவதில், விரிசல் ஒரே வீச்சில் மறுமுனைக்கு ஓடி, மேலிருந்த பனிப் பாளம் அப்படியே வழுக்கி வந்தது. அடியில் இருந்த படிகங்களை உள்ளங்கையில் அள்ளினால் சீனியைப் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தன. அத்துடன் மேலே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, சாய்வு குறைந்த முகடு வழியாகத் திரும்பினோம்.

ஆகவே வாங்குகிறவர்கள் எடையைப் பார்ப்பதற்கு முன் நீளத்தைப் பாருங்கள். 30 செ.மீ.க்குக் குறைந்தது எனக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். வலுவற்ற அடுக்கிலேயே ரம்பத்தை மேல்நோக்கி இழுத்து, விரிசல் தானாக முந்தி ஓடுகிறதா என்று பார்க்கும் இன்னொரு சோதனையிலும் தூணின் அகலம் 30 செ.மீ.தான், அதில் இழுக்க வேண்டியது பல் இல்லாத முதுகுப்பக்கத்தை என்பதால், இருபுறமும் பல் வைத்த ரம்பம் உதவாது. அலுமினிய அலகு இலேசானது, ஆனால் அவசரத்துக்கு மரக்கிளையை அறுக்கவும் அதையே நம்பினால் பற்கள் சீக்கிரம் மழுங்கும். உறை கட்டாயம் வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் ரம்பத்தைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

நண்பருடைய அதே வகையை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இறங்கும் முன் அதை என் ஊன்றுகோலில் மாட்டிப் பார்த்தபோது பொருந்தவில்லை. ரம்பத்தோடு கோலையும் புதிதாக வாங்க வேண்டியிருக்குமோ என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.